சராசரித் திறனா, உடனடித் திறனா: எந்தக் கணக்கில் எதைத் தேர்வது?

2 கிலோகிராம் நிறையுள்ள கல் ஒன்று ஓய்வுநிலையிலிருந்து கீழே விழுகிறது என்றும், காற்றின் தடை இல்லை என்றும், புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்றும் வைத்துக்கொள்வோம். திறன் என்பது வேலை செய்யப்படும் வீதம். 5 வினாடிகளில் புவியீர்ப்பு விசையின் திறன் எவ்வளவு? 5-ஆவது வினாடியில் எவ்வளவு? 5-ஆவது வினாடியின் முடிவில் எவ்வளவு? காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் ஒலிக்கும் இந்த மூன்று கேள்விகளுக்கும் விடைகள் முறையே 500 வாட், 900 வாட், 1000 வாட். பதினொன்றாம் வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் நான் முதலில் கரும்பலகையில் எழுதுவது இந்த மூன்று வரிகளைத்தான். திறன் கணக்கில் மதிப்பெண் இழக்கும் மாணவர்களில் பலர் சூத்திரம் தெரியாமல் இழப்பதில்லை. ‘வினாடிகளில்’, ‘வினாடியில்’, ‘வினாடியின் முடிவில்’ என்ற சொல் வேறுபாடுகளைக் கவனிக்காமல்தான் இழக்கிறார்கள்.

முதல் கேள்வி சுழியிலிருந்து 5 வரையுள்ள முழு நேரத்தைப் பற்றியது. கல் விழுந்த தொலைவு 125 மீட்டர், எடை 20 நியூட்டன், ஆகவே வேலை 2500 ஜூல். 5-ஆல் வகுத்தால் 500 வாட். இரண்டாவது கேள்வி 4 முதல் 5 வரையுள்ள ஒரே ஒரு வினாடியைப் பற்றியது. அந்த வினாடியில் கல் 45 மீட்டர் விழுகிறது, வேலை 900 ஜூல், நேரம் 1 வினாடி. மூன்றாவது கேள்வியில் நேர இடைவெளியே கிடையாது. அந்தக் கணத்தில் திசைவேகம் 50 மீ/வி. 20 நியூட்டனை அதனால் பெருக்கினால் 1000 வாட். முதல் இரண்டும் சராசரித் திறன், மூன்றாவது மட்டுமே உடனடித் திறன். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் திறன் என்பதை ‘வலு’ என்று அறிந்திருப்பார்கள். சொல் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை.

எனவே எந்தத் திறன் என்று தேர்வதற்கு முன்பு எந்த நேர இடைவெளி என்று முடிவு செய்ய வேண்டும். வேலையை நேரத்துக்கு எதிராக வரைபடமாக வரைந்தால், இரு புள்ளிகளை இணைக்கும் நாணின் சாய்வு சராசரித் திறன்; ஒரு புள்ளியில் வரையும் தொடுகோட்டின் சாய்வு உடனடித் திறன். திறனையே நேரத்துக்கு எதிராக வரைந்தால், கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு வேலையாகும். அதே பரப்பும் அதே அகலமும் கொண்ட செவ்வகத்தின் உயரம்தான் சராசரித் திறன்.

சராசரித் திறன் போதுமான இடங்கள் பல உண்டு. வீட்டு மொட்டை மாடியில் உள்ள 1000 லிட்டர் தொட்டியை 20 நிமிடத்தில் நிரப்ப வேண்டும். நீர் 12 மீட்டர் ஏற வேண்டும். வேலை 1000 × 10 × 12, அதாவது 1,20,000 ஜூல். நேரம் 1200 வினாடி. நீருக்குப் போய்ச் சேர வேண்டிய திறன் 100 வாட். சிறிய பம்புகளில் உள்ளே செல்லும் ஆற்றலில் பாதிக்கும் மேல் வீணாகிவிடும், குழாயின் உராய்வு வேறு இருக்கிறது. ஆகவே அரைக் குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 373 வாட் மோட்டாரை வாங்குகிறோம். மோட்டார் ஓடத் தொடங்கும் முதல் ஒரு வினாடியில் திறன் எப்படி ஏறி இறங்கியது என்பது தொட்டி நிரம்புவதை எவ்வகையிலும் பாதிக்காது. மொத்த ஆற்றலும் மொத்த நேரமும் மட்டுமே தேவைப்படும்போது உடனடித் திறனைத் தேடிப் போவது வீண் உழைப்பு.

ஆனால் சராசரி எதை மறைக்கிறது என்பதையும் அறிந்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளி மாடிப்படியில் நான் செய்ய வைக்கும் ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டும். ஒவ்வொன்றும் 16 செ.மீ. உயரமுள்ள 20 படிகள். பத்தாவது படியில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு. 50 கிலோ நிறையுள்ள இரு மாணவர்கள் தனித்தனியாக ஏறுகிறார்கள் என்று கொள்வோம். இருவருக்கும் உயரம் 3.2 மீட்டர், வேலை 1600 ஜூல், நேரம் 4 வினாடி. சராசரித் திறன் இருவருக்கும் 400 வாட். ஆனால் ஒருவர் ஒரே சீராக ஏற, மற்றவர் கோடு வரை 1.25 வினாடியில் பாய்ந்து, மீதியை 2.75 வினாடியில் இளைக்க இளைக்க ஏறுகிறார். பின்னவரின் முதல் பாதித் திறன் 640 வாட், இரண்டாம் பாதித் திறன் 291 வாட். இந்த வேறுபாட்டை 400 என்ற ஒற்றை எண் முழுவதுமாக விழுங்கிவிடுகிறது.

இதே சோதனையில் இன்னொரு பிழையும் வெளிப்படும். 640-ஐயும் 291-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 465.5 வாட் கிடைக்கும். அது தவறான விடை. படிகள் சமமாகப் பிரிக்கப்பட்டன, நேரம் சமமாகப் பிரிக்கப்படவில்லை. திறனின் சராசரி என்பது நேரத்தின் மீதான சராசரி. ஒவ்வொரு பகுதித் திறனையும் அது நீடித்த நேரத்தால் பெருக்கிய பிறகே கூட்டி, மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். ஐயம் வந்தால் பகுதித் திறன்களைத் தொடாமல், மொத்த வேலையை மொத்த நேரத்தால் வகுப்பதே பாதுகாப்பான வழி.

உடனடித் திறன் கட்டாயமாகும் இடம், ஏதேனும் ஒன்று உச்சநிலையைத் தாங்க வேண்டிய இடம். கட்டுமானத் தளத்தில் 500 கிலோ சுமையை 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் ஹாய்ஸ்ட் ஒன்றுக்கு மோட்டார் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கொள்வோம். லிஃப்டில் இருப்பது போன்ற எதிரெடை இதில் இல்லை. கணக்கு அதனால் எளிதாகிறது. முதலில் மெதுவான ஏற்றம்: 1 வினாடியில் 0.5 மீ/வி வேகத்தை எட்டி, அதே வேகத்தில் 39 வினாடி சென்று, கடைசி 1 வினாடியில் நிற்கிறது. மொத்தம் 41 வினாடி, வேலை 1,00,000 ஜூல், சராசரித் திறன் சுமார் 2440 வாட். முடுக்கத்தின் இறுதிக் கணத்தில் கயிற்றின் இழுவிசை 5250 நியூட்டன், திசைவேகம் 0.5 மீ/வி, உடனடித் திறன் 2625 வாட். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எட்டு விழுக்காட்டுக்கும் குறைவு. இங்கே சராசரியைக் கணக்கிட்டுச் சற்றுப் பெரிய மோட்டாரை வாங்கினாலே போதும்.

இப்போது அவசர ஏற்றம். அதே சுமை, அதே உயரம்; ஆனால் 1 வினாடியில் 3 மீ/வி வேகத்தை எட்ட வேண்டும். சரக்குக்கு மட்டுமே இது பொருந்தும். மனிதர் ஏறும் லிஃப்டில் இவ்வளவு முடுக்கம் வைப்பதில்லை. முடுக்கத்தில் 1.5 மீட்டர், நிறுத்தத்தில் 1.5 மீட்டர், இடையில் 17 மீட்டர் சீரான வேகம். மொத்த நேரம் 7.67 வினாடி, சராசரித் திறன் சுமார் 13,040 வாட். முடுக்கத்தின் இறுதியில் இழுவிசை 6500 நியூட்டன். அதை 3-ஆல் பெருக்க 19,500 வாட். சராசரியைப் போல் ஒன்றரை மடங்கு. சராசரியை நம்பி 13 கிலோவாட் எந்திரத்தைப் பொருத்தி, அதற்கு மேல் அது தராது என்ற நிலை இருந்தால், 3 மீ/வி வேகத்தை அந்த முடுக்கத்தோடு எட்டவே முடியாது.

இந்த இயக்கத்தின் திறன்–நேர வரைபடத்தை வரைந்து பார்ப்பது மிகவும் பயன் தரும். முதல் வினாடியில் திறன் சுழியிலிருந்து 19,500 வரை நேர்க்கோடாக ஏறுகிறது. முடுக்கம் நின்ற அந்தக் கணமே 15,000-க்குத் தாவி இறங்குகிறது. ஏனெனில் திசைவேகம் அதே 3 மீ/வி என்றாலும் இழுவிசை 5000 நியூட்டனாகக் குறைந்துவிட்டது. நிறுத்தத் தொடங்கும்போது இழுவிசை 3500 நியூட்டன் ஆகிறது, திறன் 10,500-க்கு இறங்கி, பிறகு படிப்படியாகச் சுழியாகிறது. திசைவேகம் ஒருபோதும் தாவுவதில்லை, திறன் தாவுகிறது. விசை திடீரென மாற முடியும் என்பதால்தான் அப்படி. உண்மையான எந்திரத்தில் இந்தத் தாவல்கள் சற்று வளைந்திருக்கும். ஆனாலும் கயிறும் பற்சக்கரமும் படும் பாட்டை இந்த வரைபடம்தான் சொல்லும்.

மோட்டார் தேர்வில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. பல தூண்டல் மோட்டார்கள் தம் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் அளவைப் போல் சுமார் இரு மடங்கு திருப்புவிசையைச் சிறிது நேரத்துக்குத் தரக்கூடியவை. ஆகவே 19.5 கிலோவாட் உச்சம் ஒரு கணத்துக்கு மட்டும் வருகிறது என்றால், அதற்கு நிகரான பெரிய மோட்டார் தேவைப்படாமலும் போகலாம். முடிவு செய்வது மோட்டாரின் சூடு. சூடு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது, மின்னோட்டமோ விசையோடு சேர்ந்து ஏறுவது. சுமையை அசையாமல் தொங்கவிட்டு மோட்டாரால் மட்டும் தாங்கிப் பிடித்தால் திசைவேகம் சுழி, எந்திரவியல் திறனும் சுழி. ஆனால் மோட்டார் சூடாகிக்கொண்டே இருக்கும். சராசரித் திறனும் உடனடித் திறனும் விடை சொல்லாத கேள்விகளும் இருக்கின்றன என்பதை மாணவர்கள் இங்கே அறிந்துகொள்ள வேண்டும்.

தேர்வு அறையில் மிக அதிகமாக நேரும் குழப்பத்துக்கு வருகிறேன். ‘திறன் = விசை × திசைவேகம்’ என்ற வாய்பாட்டில் சராசரித் திசைவேகத்தை இட்டால் சராசரித் திறன் வரும் என்று பலர் நம்புகிறார்கள். விசை மாறாத வரை அது உண்மை. விழும் கல்லில் 20 நியூட்டன் × சராசரித் திசைவேகம் 25 மீ/வி = 500 வாட் என்று சரியாகவே வருகிறது. ஓய்விலிருந்து மாறா விசையால் முடுக்கப்படும் எந்தப் பொருளுக்கும் சராசரித் திறன் இறுதிக் கணத் திறனில் சரிபாதி என்பதும் இதனால்தான். ஆபத்து என்னவென்றால், இந்தச் ‘சரிபாதி’ மனத்தில் பதிந்துவிட்டு, பொருந்தாத இடத்திலும் எழுந்து வந்து நிற்கும்.

நேரத்தோடு சீராக ஏறும் விசையை எடுத்துக்கொள்வோம். 2 கிலோ நிறையுள்ள பொருள் உராய்வற்ற தளத்தில் ஓய்வில் இருக்கிறது. விசை சுழியில் தொடங்கி வினாடிக்கு 4 நியூட்டன் வீதம் அதிகரிக்கிறது. முடுக்கம் நேரத்தின் இரு மடங்கு. திசைவேகம் நேரத்தின் இருமடி. 3 வினாடி முடிவில் விசை 12 நியூட்டன், திசைவேகம் 9 மீ/வி, உடனடித் திறன் 108 வாட். பெற்ற இயக்க ஆற்றல் 81 ஜூல்; 3-ஆல் வகுத்தால் சராசரித் திறன் 27 வாட். இறுதித் திறனில் பாதி அன்று, கால் பங்குதான். இனி, சராசரி விசை 6 நியூட்டன், கடந்த தொலைவு 9 மீட்டர் என்பதால் சராசரித் திசைவேகம் 3 மீ/வி. இரண்டையும் பெருக்கினால் 18 வாட். உண்மையான 27-க்கும் இந்த 18-க்கும் இடையே ஒன்பது வாட் எங்கே போயிற்று? விசை பெரிதாக இருந்த வேளையில்தான் திசைவேகமும் பெரிதாக இருந்தது. பெரியதும் பெரியதும் ஒரே நேரத்தில் சேர்ந்ததால் கிடைத்த பெருக்கத்தை, தனித்தனியாகச் சராசரி எடுத்தபோது நாம் இழந்துவிட்டோம். ஆகவே விசை மாறும் கணக்கில் இரண்டே வழிகள்தாம்: ஆற்றல் மாற்றத்தைக் கண்டு நேரத்தால் வகுப்பது, அல்லது உடனடித் திறனை நேரத்தின் மீது தொகையிட்டு வகுப்பது. முதல் வழி இயலும்போது இரண்டாவதற்குப் போக வேண்டியதில்லை.

திசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடனடித் திறன் என்பது விசை, திசைவேகம் ஆகிய வெக்டர்களின் ஸ்கேலர் பெருக்கல். அதனால் அதற்குக் குறி உண்டு. அரை கிலோ பந்தை 20 மீ/வி வேகத்தில் நேர்மேலே எறிந்தால், எறிந்த கணத்தில் புவியீர்ப்பின் திறன் எதிர்க்குறி 100 வாட், உச்சியில் சுழி, கைக்குத் திரும்பும் கணத்தில் நேர்க்குறி 100 வாட். நான்கு வினாடிப் பயணம் முழுவதற்கும் சராசரி சுழி. ‘புவியீர்ப்பு ஒன்றும் செய்யவில்லை’ என்று இதிலிருந்து முடிவு கட்டினால் பெரும் பிழை. ஏறும்போது எடுத்ததை இறங்கும்போது திருப்பித் தந்தது என்பதே பொருள். தனி ஊசலில் இது இன்னும் நுட்பமானது. நூலைக் கிடைமட்டமாக இழுத்துப் பிடித்து விட்டால், விடும் கணத்தில் திசைவேகம் சுழி என்பதால் திறன் சுழி. அடிப்புள்ளியில் வேகம் மிக அதிகம், ஆனால் அது எடைக்குச் செங்குத்து என்பதால் அங்கும் சுழி. உச்சம் இடையில் எங்கோ இருக்க வேண்டும்; கணக்கிட்டால் நூல் கிடைமட்டத்திலிருந்து சுமார் 35 பாகை இறங்கிய இடத்தில் அது வருகிறது. வேகம் மிகுதியான இடத்தில் திறனும் மிகுதி என்ற எண்ணத்தை உடைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை. நூலின் இழுவிசை எப்போதும் இயக்கத்துக்குச் செங்குத்தாகவே இருப்பதால், அதன் திறன் எல்லாக் கணத்திலும் சுழி.

இரண்டும் ஒன்றாகிவிடும் ஒரு நிலையும் உண்டு: திறன் மாறாமல் இருப்பது. ஓட்டுநரோடு 150 கிலோ நிறையுள்ள மின்சார ஸ்கூட்டருக்கு மோட்டார் மாறாமல் 3000 வாட் தருகிறது என்று கொண்டால், 10 மீ/வி வேகத்தை எட்ட 2.5 வினாடியும் 20 மீ/வி வேகத்தை எட்ட 10 வினாடியும் ஆகும். வேகம் இரட்டிக்க நேரம் நான்கு மடங்காகிறது. எந்த இடைவெளியை எடுத்தாலும் சராசரி 3000 வாட்தான். ஆனால் 1 மீ/வி வேகத்தில் இதற்கு 3000 நியூட்டன் உந்துவிசை வேண்டும். வண்டியின் எடையே 1500 நியூட்டன்தான், அவ்வளவு விசையை டயரின் உராய்வு தாங்காது. ஆகவே கிளம்பும்போது விசையை ஓர் எல்லைக்குள் நிறுத்தி, வேகம் பிடித்த பிறகே மாறாத் திறனுக்கு வர முடியும்.

ஸ்கூட்டர் வாங்கும்போதும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். உச்சத் திறன், தொடர் திறன் என்று இரு எண்களைத் தருவார்கள். மேடேறும் சில வினாடிகளுக்கு முதல் எண், நீண்ட பயணத்துக்கு இரண்டாவது எண். இந்திய மோட்டார் வாகன விதிகளில், குறைந்த வேக மின்வண்டிக்குப் பதிவிலிருந்து விலக்கு அளிக்கும் நிபந்தனைகளில் ஒன்று ‘முப்பது நிமிடத் திறன்’ 250 வாட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது. திறனைச் சொல்லும்போதே நேரத்தையும் சொல்லிவிடும் அந்த வரையறையை நான் வகுப்பில் தவறாமல் காட்டுவேன். ஜேம்ஸ் வாட் குதிரைத்திறனை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று வரையறுத்தபோது, நெடுநேரம் உழைக்கும் குதிரையின் சராசரியையே மனத்தில் கொண்டிருந்தார். சில வினாடிகளுக்கு ஒரு குதிரை அதைப் போல் பதினைந்து மடங்கு வரை தர முடியும் என்று 1993-இல் வெளியான ஒரு கணிப்பு காட்டியது.

கடைசியாக, ஆய்வகத்தில் உடனடித் திறனை அளப்பது பற்றி. எந்தக் கருவியும் ஒரு கணத்தை அளப்பதில்லை. மிகச் சிறிய இடைவெளியின் சராசரியைத்தான் அளக்கிறது. அப்படியானால் இடைவெளி எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? விழும் பந்தை வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும் செல்பேசியில் பதிவு செய்தால், 5 மீ/வி வேகத்தில் அடுத்தடுத்த இரு படங்களுக்கிடையே பந்து 16.7 செ.மீ. நகரும். ஒவ்வொரு படத்திலும் இருப்பிடத்தைப் படிப்பதில் 1 செ.மீ. பிழை வந்தால், வேகத்தில் 12 விழுக்காடு வரை பிழை ஏறும். நான்கு பட இடைவெளி எடுத்தால் அது 3 விழுக்காடாகக் குறையும். இடைவெளி நீண்டால் உடனடித் தன்மை கெடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது. திறன் நேரத்தோடு நேர்க்கோடாக மாறும்போது சிறிதும் கெடாது; அங்கே ஓர் இடைவெளியின் சராசரித் திறன் அதன் நடுக்கணத்தின் உடனடித் திறனுக்கு மிகச் சரியாகச் சமம். முதலில் பார்த்த கல்லின் 5-ஆவது வினாடிக்குரிய 900 வாட், 4.5 வினாடி கடந்த கணத்தில் அது பெற்றிருந்த திறனேதான்: 20 நியூட்டன் × 45 மீ/வி.

திறன் வளைகோடாக மாறும்போது மட்டும் சிறிது விலகும். விசை சீராக ஏறிய அந்த 2 கிலோ பொருளுக்கு, 2 முதல் 3 வினாடி வரையுள்ள சராசரி 65 வாட், நடுக்கணமான 2.5-இல் உடனடித் திறன் 62.5 வாட். இடைவெளியைப் பாதியாக்கி 2.25 முதல் 2.75 வரை எடுத்தால் சராசரி 63.1 வாட், விலகல் 2.5 வாட்டிலிருந்து 0.6 வாட்டாக, ஏறத்தாழ கால் பங்காக, இறங்கிவிடுகிறது. இடைவெளி சுருங்கச் சுருங்க வளைவால் வரும் பிழை இவ்வளவு விரைவாகக் குறைகிறது, படிப்பதால் வரும் பிழையோ அதற்கு எதிராக ஏறுகிறது. ஆகவே முதலில் நான்கு பட இடைவெளியில் கணக்கிடுங்கள். அதே நடுக்கணத்தை வைத்து இரண்டு பட இடைவெளியில் மீண்டும் கணக்கிடுங்கள். இரண்டு விடைகளும் படிப்புப் பிழையின் அளவுக்குள் ஒத்துப்போனால், நான்கு பட விடையையே உடனடித் திறன் என்று ஆய்வேட்டில் எழுதலாம்.